ஏழு வரை எண்ணாதவர்

கிட்ட வாங்க, கண்ணுகளா. கையில இருக்கிற போனைக் கவிழ்த்து வச்சிட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஒருத்தி பழி தீர்த்த கதையை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கத்தி எடுக்கவில்லை அவள், விஷம் வைக்கவில்லை. ஓர் எழுத்தை எடுத்தாள், அவ்வளவுதான். அதுவும் நம்மில் பாதிப் பேருக்கு நாக்கில் ஒழுங்காக வராத எழுத்து.

கதை நடக்கிற காலம் இன்னும் வரவில்லை. குரல்வளைக் காய்ச்சல் என்று ஒன்று வந்து, ஊர் ஊராகப் பேச்சைப் பறித்துக்கொண்டு போன பிறகு நடக்கிறது. உயிர் பிழைத்தவர்கள் வாயசைப்பார்கள், சத்தம் வராது. அவர்களுக்காகக் கழுத்துப்பட்டி வந்தது. தொண்டைத் தசை அசைகிறதைப் பார்த்து, நீங்கள் சொல்ல நினைத்ததைப் பட்டி சொல்லும். ஒருவருக்கு ஒரே பட்டிதான்; அவர் தொண்டைக்குப் பழகினது அவருக்கு மட்டும்தான் பேசும். ஆணுக்கு ஆண் குரல், பெண்ணுக்குப் பெண் குரல், வயசுக்குத் தகுந்த கனம்.

தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் கை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற கடை. அங்கேதான் அமலி பட்டி பழுது பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்குச் சுடலைமுத்து வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். பேருந்து நிலையத்தில் ஊர்ப் பேர் சொல்லிக் கூவுகிறவர் அவர். ஒலிபெருக்கி இருந்தாலும் சனங்கள் அவர் கூவினால்தான் எழுந்திருப்பார்கள். பழைய நேர அட்டவணைக்குப் பின்னால் எழுதி நீட்டினார்.

"அப்டேட் அமுக்குனேன். ஊமை ஆயிட்டேன்."

"யாரு அமுக்கச் சொன்னா அண்ணாச்சி? நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"அதுவா மின்னுச்சு" என்று எழுதி, அமுக்கின விரலைத் தானே ஓர் அடி அடித்துக்கொண்டார்.

அமலி பட்டியைக் கழற்றி ஒயரில் மாட்டினாள். கறுப்புத் திரை வந்தது. அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும். அந்தத் திரைக்குள்ளே இருந்து வேலை செய்கிற நிரலுக்கு அமலி வைத்த பேர் பொதிக்காரன். எது வேண்டும் என்று அடித்தால், எங்கோ இருக்கிற கிடங்கில் போய் அந்தப் பொதியை எடுத்துவந்து இறக்கி வைப்பான். அடித்தாள். முடியாது என்றான்.

"பூட்டியிருக்காம்" என்றாள். "முந்தின வேலை பாதியிலேயே செத்துப்போயிருக்கு. சாகும்போது சாவியக் கையிலேயே பிடிச்சிக்கிட்டுப் போயிட்டு. புது வேலைய உள்ள விடமாட்டேங்கான்."

நிஜமாகவே செத்துவிட்டதா, மூச்சு இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். உயிரோடு இருக்கிற வேலையின் பூட்டை உடைத்தால் பட்டி மொத்தமாகப் போய்விடும். செத்துத்தான் கிடந்தது. பூட்டை நீக்கினாள். பாதி இறங்கிக் கிடந்த பொதிகளைச் சரிசெய்யச் சொன்னாள். வரிகள் ஓடின. கடைசியில் சிவப்பாக ஒன்று வந்து நின்றது.

*ழகரம்: கையொப்பம் காலாவதி. இந்தப் பொதியை நம்ப முடியாது. நிறுத்தப்படுகிறது.*

அமலியின் விரல் விசைமேலேயே நின்றுவிட்டது.

"என்ன?" என்று எழுதிக் காட்டினார் சுடலைமுத்து.

"ஏரல் வண்டி கிளம்பணும்னா என்னெல்லாம் வேணும் அண்ணாச்சி?"

"டிரைவர். கண்டக்டர். டீசல். நான்."

"அதுல ஒருத்தரோட அடையாள அட்டை தேதி முடிஞ்சு போச்சு. ஆளு வாசல்லயே நிக்கிறாரு. ஆனா உள்ள விடமாட்டேங்காங்க."

"அந்த ஆளு யாரு?"

"ழகரம்னு ஒரு சின்னப் பொதி. ழ எழுத்தச் சுத்தமாச் சொல்லவைக்கிறது. அத எழுதுனவ வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கணும். இந்த வருஷம் போடல."

"எழுதுனவ தூங்குறாளா?" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

அமலி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுதினவள் அவள்தானே.

"ஒரு மணி திருச்செந்தூர் வண்டிக்கு நான் கத்தணும். அந்தச் சனியன் இல்லாமயே போட்டுரு தாயி."

கட்டாயம் என்று ஒரு சொல்லைச் சேர்த்து அடித்தாள். பொதிக்காரன் இரண்டு தடவை எச்சரித்துவிட்டு, உன் பாடு என்று விட்டுவிட்டான். பட்டியை அவர் கழுத்தில் மாட்டினாள். சுடலைமுத்து கனைத்து, கடை வாசலைப் பேருந்து நிலையமாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர்! ஏரல், ஆ... ஸ்வீ... வார்திருநகரி!"

நின்றார். மறுபடி சொன்னார். மறுபடியும் அந்த இடத்தில் மட்டும் ஒரு சின்ன விசில். பல்லிடுக்கில் காற்று நுழைந்து நுனியில் மேலே ஏறிப் போகிற விசில்.

"ஏயம்மா, ஆஸ்வீவாருக்கே விசிலடிக்கேனே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அமலி சிரிக்கவில்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். அந்த விசில் அவளுடைய அக்கா சலேத்மேரியின் விசில். நாலு வருஷத்துக்கு முன்னால் மண்ணுக்குள் போனது.

அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சலேத்துக்குக் குரல் தேன். கோயில் பாட்டுக்குழுவில் அவள் எடுத்தால் மற்றவர்கள் தாழ்த்திக்கொள்வார்கள். ஆனால் பிறவியிலேயே நாக்கு கொஞ்சம் கட்டியிருந்தது, முன்பல்லில் ஒரு சந்து. ழ வருகிற இடத்தில் எல்லாம் விசில் வரும். தெருவில் அவளுக்குப் பேரே விசிலு சலேத். அப்படிப்பட்டவள் பெண் பிறந்ததும் அருள்மொழி என்று பேர் வைத்தாள். "கூப்பிடவே வராத பேர ஏன்க்கா வச்சே?" என்று அமலி கேட்டாள். "நான் கூப்பிட்டா நாந்தான் கூப்பிடுறேன்னு அவளுக்குத் தெரியணும்லா" என்றாள் சலேத்.

அமலி அப்போது பட்டி செய்கிற இன்குரல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலாளி பொழிலன். எல்லாப் பட்டிக்கும் அடிப்படையாக வைத்து, அதில் இருந்தே ஆண் குரல், பெண் குரல் எல்லாம் செதுக்க, ஒரு நல்ல குரல் தேடிக்கொண்டிருந்தார். அமலிதான் அக்காவைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனாள். எட்டு மாதம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சலேத் ஆயிரம் ஆயிரம் வாக்கியம் வாசித்தாள். ழ மட்டும்தான் தொல்லை. அமலி ராப்பகலாக உட்கார்ந்து அந்த விசிலை நீக்கி நாக்கை மடிக்கிற ஒரு சின்னப் பொதி எழுதினாள். ழகரம் என்று பேர் வைத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுக் கிடங்கில் தன் கையெழுத்தோடு போட்டாள். போட்டிக்காரர்கள் குரலைத் திருடிவிடுவார்கள் என்று சொல்லி, வீட்டில் இருந்த சலேத்தின் குரல் பதிவுகளை எல்லாம் நிறுவனத்தார் அழிக்கவைத்தார்கள். ஞானஸ்நான வீடியோ, பிறந்தநாள் பாட்டு, எல்லாம். "உங்க குரலை நாங்க பத்திரமா வச்சிருக்கோம். உங்களுக்கு ஒரு தேவைன்னா முதல் பட்டி உங்களுக்குத்தான்" என்றார் பொழிலன்.

பிறகு காய்ச்சல் சலேத்தையும் பிடித்தது. சலேத்தின் பேச்சு போயிற்று. பட்டிக்கு எழுதிப் போட்டாள். பதில் ஒரே வரி: உங்கள் பெயரில் இங்கே எந்தப் பதிவும் இல்லை. அதே வாரம் விளம்பரம் வந்தது, இன்குரல் எந்த மனிதருடைய குரலும் அல்ல, முழுக்க முழுக்க இயந்திரம் பிறப்பித்தது என்று. சண்டை போட்ட அமலியை வெளியே அனுப்பினார்கள். சலேத் எல்லாரையும் போல வரிசையில் நின்றாள். வரிசை வருவதற்குள் காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ரேஷன் கடையில், பஸ்ஸில், கோயிலில் எல்லாம் பட்டிகள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து ஒருநாள் சிலேட்டில் எழுதினாள்: "என் குரல்ல ஊரே பேசுது. எனக்குத்தான் இல்ல." சாகிற அன்று மகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு வாயை அசைத்து அசைத்துப் பார்த்தாள். பிள்ளைக்கு அப்போது ஆறு வயசு.

அருள்மொழிக்கு இப்போது பத்து. அம்மாவின் குரல் நினைவில்லை. "விசில் மட்டும் ஞாபகம் இருக்கு சித்தி" என்பாள். அமலியும் இத்தனை வருஷம், அந்த விசிலை நிறுவனத்தார் எப்போதோ துடைத்து எறிந்திருப்பார்கள், தன் ழகரம் சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். பட்டி போட்ட ஏழை பாழைகளுக்காக ஒவ்வொரு வருஷமும் சலேத்தின் நினைவுநாளில் கையெழுத்தைப் புதுப்பித்தாள். இந்த வருஷம் கல்லறையில் இருந்து வந்து உட்கார்ந்தபோது கை போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டாள்.

இப்போது தெரிந்தது. அக்கா அப்படியே உள்ளேதான் இருக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தது தங்கச்சியின் கை.

சுடலைமுத்துவுக்குத் தன்னிடம் இருந்த பழைய பதிப்பை, பழைய ழகரத்தோடு திரும்ப ஏற்றினாள். இதை யாரும் தொடாதே, புதிதாக எது வந்தாலும் மாற்றாதே என்று பொதிக்காரனிடம் கட்டளை போட்டாள். அதற்குப் பேர் பிடித்துவைப்பு.

"கொஞ்ச நாளைக்கு எது மின்னினாலும் அமுக்காதீங்க அண்ணாச்சி."

"அந்தப் பொம்பளை கையெழுத்துப் போடமாட்டாளாக்கும்?"

"போடுவா. அதுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு சோலி இருக்கு."

மூன்று நாள் கடையைப் பாதி மூடிவிட்டு, தன்னிடம் வந்து போன ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துப் பட்டிக்குப் பிடித்துவைப்பு போட்டாள். அமுக்காதீர்கள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள். பேச்சிக்கனி மட்டும் விட்டுப்போனாள். ஒரு காலத்தில் ஒரே தெரு, சலேத்தோடு குழாயடியில் வழக்கடித்தவள். பிறகு வீடு மாறிப் போனதில் போன் எண்ணும் மாறியிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பேச்சிக்கனி பட்டுச்சேலையோடு வந்து பட்டியை மேசைமேல் வீசினாள். அமலி சரிசெய்து மாட்டிவிட்டாள். குரல் வந்ததும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"காலையில எம்மவளுக்கு நிச்சயம். தாம்பூலம் மாத்துற நேரத்துல சம்மதமான்னு பெரியவங்க கேட்டாங்க. நான் மண்ணு மாதிரி நிக்கேன். சம்பந்தி வீட்டுல ஒருத்தி, பொண்ணோட அம்மாவுக்கு இஷ்டமில்லையோங்கா. எம்பிள்ள அழுதிட்டா." மூக்கை உறிஞ்சினாள். "எழுதுனவ யாரோ கையெழுத்துப் போடலையாம். அவ வீட்டுலயும் இப்படி ஒருநாள் நடக்கட்டும்."

"நடந்திட்டுக்கா" என்றாள் அமலி.

அவள் போனபிறகு கையெழுத்துச் சாவியை எடுத்துத் திரையில் வைத்தாள். போதும், போட்டுவிடலாம் என்றுதான் வைத்தாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், போட்டிருப்பாள். அந்த நேரத்தில் போன் அடித்தது.

"அமலி, நான் பொழிலன் பேசுறேன்."

அவருக்கும் காய்ச்சல் வந்திருந்தது. அவரும் பட்டிதான். நானே அணிகிறேன் என்பதுதான் அவருடைய விளம்பரமே. எத்தனை சுத்தமான ழ! அமலி செய்த ழ.

"சொல்லுங்க சார்."

"உன் கையெழுத்து ஒண்ணு தேதி முடிஞ்சு கிடக்காம். நம்ம பசங்க இப்பதான் சொல்றாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்க ஊர்லதான் விழா. ஏழாம் பதிப்பை என் கழுத்துல ஏத்திட்டு நானே பேசுறேன். புதுப்பிச்சு விட்டிரு."

"இப்பவே புதுப்பிக்கிறேன். மேடையில ஒரே ஒரு வரி மட்டும் சொல்லுங்க சார். இந்தக் குரல் சலேத்மேரியோடதுன்னு."

"எந்தச் சலேத்மேரி?"

அமலி சாவியைத் திரையில் இருந்து எடுத்துவிட்டாள்.

"ஒரு எழுத்தை வச்சிக்கிட்டு என்னை மிரட்டுறியா?" என்றார் பொழிலன். "ழ இல்லைன்னா ள வரும். வந்தா என்ன? பாதித் தமிழ்நாடு அப்படித்தான் பேசுது. நாளைக்கு மேடைக்கு வர்ற மந்திரியே வாளப்பளம்னுதான் சொல்வாரு. உன் பொதி இல்லாமயே ஏத்தினா ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் சொல்லு."

"ஏறும் சார். கட்டாயம்னு ஒரு சொல் சேர்த்து அடிக்கணும். உங்க ஆளுங்களுக்குத் தெரியும். நானே இங்க ஒருத்தருக்கு அப்படிப் போட்டுப் பார்த்தேன்."

"பேச்சு நல்லா வருதா?"

"ரொம்ப நல்லா வருது சார். கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருந்திச்சு."

ஒரு சொல்லும் பொய் இல்லை, பாருங்கள். எட்டு மாதம் அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே போய் வந்துகொண்டிருந்த மனிதர், உள்ளே இருந்தவள் பேசினதை ஒருநாள் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பட்டி போட்டவர்களை எல்லாம் வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அமலி அருள்மொழியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கூட்டிவந்து பின்வரிசையில் இருந்தாள். மேடையின் ஓரத்தில் பொறியாளர்கள் பொழிலனின் பட்டியை ஒயரில் மாட்டி ஏழாம் பதிப்பை ஏற்றினார்கள். பெரிய திரையில் எல்லாரும் பார்க்க வரிகள் ஓடின. சிவப்பு வந்தது. கட்டாயம் சேர்த்து அடித்தார்கள். சிவப்பு போயிற்று. பட்டியை மாட்டியதும் ஒருவர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு" என்றார் பொழிலன். முழங்குகிற குரல்.

போதும் சார், பிரமாதம் என்று கைகாட்டினார்கள். இன்னும் ஒரே ஓர் எண் எண்ணியிருந்தால் தப்பித்திருப்பார்.

"பெரியோர்களே, என் தாய்த் தமி... ஸ்வீ... உறவுகளே!"

பட்டியில் ஏதோ தூசி என்று நினைத்தார் போல, கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"உங்கள் பொ... ஸ்வீ... லன் பேசுகிறேன். இன்று ஏ... ஸ்வீ... ஆம் பதிப்பை..."

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி மண்டபம் முழுக்கப் பரவியது. மந்திரி கைக்குட்டையால் வாயை மூடினார். சுடலைமுத்துவும் சிரித்தார், சட்டென்று நிறுத்திக்கொண்டு, பின்வரிசையில் இருந்த அமலியைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பேச்சிக்கனி எழுந்தாள்.

"ஏ, சிரிக்காதிய! நிறுத்துங்க!" என்றாள். "இது நம்ம விசிலு சலேத்துல்லா! குழாயடியில என்னைய பத்து வருஷம் ஏசுனவ. எனக்குத் தெரியாதா அவ விசிலு? மிஷின் பெத்த குரலுன்னீங்களே, மிஷினுக்கு எப்படிய்யா பல்லு சந்து வந்திச்சு?"

சிரிப்பு அடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒவ்வொருவராகத் தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சலேத்தின் சாவுக்கு வந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். பொழிலன் என்னவோ மறுத்துச் சொல்லப் பார்த்தார். பொய் என்று சொல்ல வந்தார், பழி என்று சொல்ல வந்தார். பழியிலும் விசில் அடித்தது. பட்டியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் இல்லை. கட்டிலில் கிடந்து சலேத் அசைத்த மாதிரியே.

அமலி இதைத்தான் நாலு வருஷம் கும்பிட்டுக் கேட்டாள். கண் கொட்டாமல் பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது, அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? இப்படியே சாகிறவரைக்கும் நில்லு என்று மனதுக்குள் சொன்னாள்.

சேலையை யாரோ இழுத்தார்கள்.

"சித்தி" என்றாள் அருள்மொழி. முகமெல்லாம் நனைந்திருந்தது. "அவரப் பேசச் சொல்லுங்க சித்தி. நிறுத்தாம பேசச் சொல்லுங்க."

ஊமையாகட்டும் என்று காத்திருந்தவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. பொழிலனின் கையில் இருந்த பட்டியை வாங்கித் தானே அவர் கழுத்தில் மாட்டி, கொக்கி போட்டாள்.

"எந்தச் சலேத்மேரின்னு கேட்டீங்களே சார். இது அவ மக. இப்ப ஊர் கேக்கச் சொல்லுங்க, யாரு குரல் இது?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். மந்திரி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சலேத்மேரியின் குரல்" என்றார். அந்த வரியில் ழ இல்லை. தெளிவாக வந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு. பிள்ள பேரச் சொல்லுங்க. அருள்மொழி."

"அருள்மொ... ஸ்வீ..."

அருள்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு தடவ" என்றாள். அவர் சொன்னார். "இன்னொரு தடவ." விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மனிதரின் கனத்த குரலுக்குள் எங்கேயோ இருந்து அவள் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஏழாவது விரலை மடக்கின பிறகுதான் போதும் என்றாள்.

அன்று சாயங்காலமே அமலி, பொதியில் இரண்டு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டாள். தேங்கிக் கிடந்த பட்டிகள் எல்லாம் ஓடின. இப்போது எந்தப் பட்டியை ஒயரில் மாட்டினாலும் கறுப்புத் திரையில் முதல் வரி இப்படி வரும்: *குரல்: சலேத்மேரி.* இரண்டாவது வரி: *ழகரம்: அவள் தங்கை.* சுடலைமுத்து மட்டும் தனக்கு ழகரம் வேண்டாம், விசில் கேட்டால்தான் ஆழ்வார்திருநகரிச் சனம் திரும்பிப் பார்க்கிறது என்று கழற்றச் சொல்லிவிட்டார். பேச்சிக்கனி இன்றுவரை அமலிக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது அவள் நியாயம்.

ஒரே ஒரு பட்டி பாக்கி. கொக்கி போடும்போது அமலியின் கைக்குள், கட்டளையை முன்னாலேயே ஏற்றிவைத்த ஒரு நகத்தளவு ஒயர் இருந்தது. பொழிலனின் பட்டிக்குப் பிடித்துவைப்பு போட்டுப் பூட்டிவிட்டாள். யார் யாரோ திறந்து பார்த்தார்கள். எந்த வேலையோ சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, செத்திருந்தால் நீக்கிவிடலாம், உயிரோடு அல்லவா இருக்கிறது என்று கைவிட்டார்கள். இன்றைக்கும் அவர் தன் பேரைச் சொல்லும்போதெல்லாம் நடுவில் புகுந்து சலேத் விசிலடிக்கிறாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்க, நேரமாச்சு. உங்க வீட்டுக் குரலெல்லாம் உங்க வீட்டுக்குள்ளேயே நிறைஞ்சு இருக்கட்டும். சோத்துக்குக் கூப்பிட ஒரு வாய், ஏன்னு கேட்க ஒரு வாய், திட்டக்கூட ஒரு வாய் குறையாம இருக்கட்டும். உங்க பேரை நாக்கு புரளாம தப்பாச் சொல்றவங்க யாராவது வீட்டுல இருந்தா, அவங்க நூறு வருஷம் தப்பாவே சொல்லிக்கிட்டு நல்லா இருக்கட்டும்.